மலையைப் பார்த்திருக்கும் வீடுகள்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் உயர்தரமான சிறு விடுதிகளுக்கு ஏற்ற ஊர்களா? ஏற்றவை எனில், அவ்விடுதிகள் எங்கே, எவ்விதம் அமைய வேண்டும்?

மதுரையிலிருந்து திருமங்கலம், கிருஷ்ணன்கோவில் வழியாகத் தென்மேற்கே செல்லும் பிரயாணி, வானத்தின் விளிம்பில் முதலில் வெறும் நீலக்கோடாகத் தோன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையானது, தூரம் குறையக் குறைய உயர்ந்து, மடிப்பும் சரிவும் பள்ளத்தாக்குமாகத் தெளிவுபெற்று, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்துக்குப் பின்னே சற்று விலகி நின்று, அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள ராஜபாளையத்திலோ தெருக்களின் மேற்குக் கோடியையே அடைத்துக்கொண்டு எழுந்து நிற்பதைக் காண்பார். காலையில் இளவெயில் அதன்மேல் நேராக விழும். மாலையில் சூரியன் அதற்குப் பின்னே இறங்குவதால், சமவெளியின் மற்ற ஊர்களைவிட இங்கே நிழல் சற்று முன்னதாகவே வந்து சேரும்.

கடல் இங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் இந்தப் பிரதேசத்தின் ஜீவன் இரண்டு கடல்களைச் சார்ந்தது. ஆனி, ஆடி மாதங்களில் அரபிக்கடலிலிருந்து புறப்படும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் மழையில் பெரும்பகுதியைக் கேரளச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைச் சாரலாகவும் காற்றாகவும் இப்பக்கம் அனுப்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலின் வடகிழக்குப் பருவமழை வந்துதான் கண்மாய்களை நிரப்புகிறது. கிழக்கே தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கடற்கரைகளும், மேற்கே செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் கொல்லத்துக் கடற்கரையும், காலையில் புறப்பட்டவர் மத்தியான போஜனத்துக்குப் போய்ச் சேரக்கூடிய தொலைவிலேயே இருக்கின்றன. மலையடிவாரத்தில் தங்கிக்கொண்டு இரண்டு கடல்களையும் தரிசித்து வருவதற்கு இவற்றைவிடப் பொருத்தமான ஊர்கள் தென்தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

இருந்தும் இவ்விரண்டு ஊர்களுக்கும் வருகிறவர்களில் பெரும்பாலோர் வந்த அன்றே திரும்பிவிடுகிறார்கள். கோயிலைச் சேவித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு, குற்றாலத்துக்கோ மதுரைக்கோ விரைகிறவர்களே மிகுதி. மூன்று நாள் இருந்து அனுபவிப்பதற்குரிய பிரதேசம் மூன்று மணி நேரத்தில் பார்த்து முடிக்கும் பிரதேசமாகச் சுருங்கிவிட்டது. இந்நிலை மாற வேண்டும் என்பதும், மாறும்போது காட்டை அழித்து மாறக்கூடாது, ஊரிலுள்ள பழைய இல்லங்களைப் புதுப்பித்தே மாற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

சத்திரமும் சிறு விடுதியும்

அறைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு அறைக்கும் தனிக்குணம் இருக்குமாறு அமைத்து, வருகிறவரைப் பெயர் சொல்லி வரவேற்று, அந்த ஊரின் சாப்பாட்டையும் கைவேலையையும் முன்னிறுத்தி நடத்தப்படும் உயர்தர விடுதியைப் ‘பொட்டிக் ஹோட்டல்’ என்று இன்று உலகமெங்கும் வழங்குகிறார்கள். 1984-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மாடிசன் அவென்யூவில் திறக்கப்பட்ட மார்கன்ஸ் ஹோட்டலை இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கூறுவர். எந்த நகரத்தில் இறங்கினாலும் ஒரே மாதிரியான அறை, ஒரே மாதிரியான கம்பளம், ஒரே மாதிரியான காலையுணவு என்று அலுத்துப்போன பிரயாணிகள், தாம் தங்கும் இடமாவது தாம் வந்திருக்கும் ஊரைப் போல இருக்க வேண்டும் என்று விரும்பத் தலைப்பட்டதே அதன் வெற்றிக்குக் காரணம்.

வெளியூராரைப் பேணுவது நமக்குப் புதிய வித்தையன்று. திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரால் விளங்கும் சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ராமேசுவரம் செல்லும் மார்க்கத்திலிருந்த தம் சத்திரங்களின் நடைமுறையை விரிவாக எடுத்துரைக்கிறார். அங்கே ஜாதி வித்தியாசமின்றி யாத்திரிகர் அனைவருக்கும் அன்னம் உண்டு; சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் பண்டமும் உண்டு; நோயுற்றவருக்கு வைத்தியர், பிள்ளைப்பேற்றுக்கு வந்த பெண்களுக்குப் பராமரிப்பு, அநாதைக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் யாரேனும் உண்ணாதிருந்தால் வரலாம் என்று அழைப்பார்களாம். அந்த மணியைப் பற்றி அறிந்தவர்களுக்கு, உபசாரம் என்பதன் உச்சம் எதுவென்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சத்திரம் தர்மத்துக்காக நடந்தது. விடுதி வருமானத்துக்காக நடக்கிறது. இந்த வேற்றுமையை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பணம் பெற்றுக்கொண்டு செய்யும் உபசாரத்திலும் அந்த மணியின் மனப்பான்மை இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆடம்பரமான பல விடுதிகளில் விருந்தாளிக்குப் பட்டு மெத்தையும், அவரை அழைத்துவந்த கார் ஓட்டுநருக்குக் காரின் பின்னிருக்கையுமே படுக்கையாக இருந்துவந்த அவலத்தை நாம் அறிவோம். விடுதிகள் ஓட்டுநர்களுக்கும் தங்குமிடம் அமைத்தாக வேண்டும் என்று 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியது, சத்திரத்தின் தர்மத்தைச் சட்டத்தின் வழியே மீண்டும் நினைவூட்டிய நற்செயலாகும்.

செட்டிநாடும் தரங்கம்பாடியும் காட்டிய வழி

பழைய வீட்டை உயர்தர விடுதியாக்கும் காரியம் தமிழ்நாட்டில் வெற்றி பெறுமா என்ற சந்தேகத்துக்கு இப்போது இடமில்லை. காரைக்குடியில் செட்டியார் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான பழைய பங்களா 1999-இல் ‘தி பங்களா’ என்ற விடுதியாக மாறியது. அங்கே வாழையிலையில் பரிமாறப்படும் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்காகவே கடல் கடந்து வருகிறவர்கள் உண்டு. கானாடுகாத்தானில், தந்தை தம் மகளுக்காக ஆசையோடு கட்டிக்கொடுத்த மாளிகை ‘விசாலம்’ என்ற பெயரில் விருந்தினரை ஏற்கிறது. திருமயத்தை அடுத்த கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’ என்ற பெருவீடு அவ்வாறே உயிர் பெற்றது. ஆளில்லாமல் பூட்டிக்கிடந்து, ஓடு சரிந்து, பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த காலத்தில், அந்த வீடுகளில் சிலவாவது முழுமையாகக் காப்பாற்றப்பட்டது இவ்விதத்தில்தான்.

கடற்கரைக்கு உதாரணம் தரங்கம்பாடி. 1620-இல் டேனியர் கோட்டை கட்டிய அந்தச் சிற்றூர், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பிறகு முக்கியத்துவம் இழந்து உறங்கிக்கிடந்தது. அங்கே அலைக்கு எதிரே நின்ற பழைய ஆங்கிலேய அதிகாரியின் பங்களாவை நீம்ரானா நிறுவனத்தார் புதுப்பித்து விடுதியாக்கினார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையால் துன்புற்ற அவ்வூரில், பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் பணி கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேலை தந்தது. அந்த வீதிகளுக்கு மீண்டும் மனிதநடமாட்டத்தையும் தந்தது.

இவ்விரண்டு இடங்களும் நமக்குக் கற்பிப்பது ஒன்றே. புதிதாக ஒரு மாளிகையைக் கட்டி அதற்குப் பழமையின் வேஷம் போடுவதைக் காட்டிலும், பழமையாகவே நிற்கும் வீட்டுக்கு இக்காலத்துச் சௌகரியங்களை அடக்கமாகச் சேர்ப்பது சிறந்தது. செட்டிநாட்டுக்கு மாளிகை இருந்தது, மலை இல்லை. தரங்கம்பாடிக்குக் கடல் இருந்தது. ராஜபாளையத்துக்கோ பழைய வீடுகளும் உண்டு, மலையும் உண்டு.

ராஜபாளையம் தரக்கூடியது

விஜயநகர காலத்தையொட்டி ஆந்திர தேசத்திலிருந்து வந்த ராஜுக்கள் குடியேறி வளர்த்த ஊர் ராஜபாளையம். பழையபாளையம், புதுப்பாளையம் என்ற பகுதிகளும், ஒவ்வொரு பகுதியாரும் கூடிப்பேசும் சாவடிகளும், வீட்டுக்குள்ளே தெலுங்கும் வெளியே தமிழுமாக வழங்கும் பேச்சும் இவ்வூருக்கே உரிய தனித்தன்மையைத் தந்திருக்கின்றன. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து நூற்பாலைகள் பெருகி, விவசாய ஊராக இருந்தது தொழில் நகரமாயிற்று. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவத் துணி நாட்டின் பல ஆஸ்பத்திரிகளுக்குச் செல்கிறது. வெண்ணிற உடலும் ரோஜா நிற மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்துறை அஞ்சல்தலை வெளியிட்டுக் கௌரவம் செய்தது.

ஊருக்காக வீட்டை அளிக்கும் மரபும் இங்கே உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராகவும், பின்னர் ஒரிஸ்ஸாவின் கவர்னராகவும் விளங்கிய பி. எஸ். குமாரசுவாமி ராஜா, தம் சொந்த இல்லத்தையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். செல்வத்தைக் குவித்து வைக்கும் வீட்டைக் காட்டிலும் பொதுமக்கள் காலடி படும் வீடே நீடித்து வாழும் என்பதை அம்மகான் உணர்ந்திருந்தார் போலும்.

இத்தகைய ஊரில், திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் கட்டைக்குத்து மச்சும் உள்ள பழைய வீடு ஒன்று விருந்தினர் இல்லமாகத் திறக்கப்படுவதாக எண்ணிப் பார்ப்போம். விடியற்காலையில் மாடிக்குச் சென்றால், வேறெங்கும் போகாமலே மலைமுகடுகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வருவதைக் காணலாம். காலை ஆகாரத்துக்குப் பின், ஊரை ஒட்டிய சஞ்சீவி மலையைப் பார்த்துவிட்டு, ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் வழியே ஐயனார் கோயில் பக்கம் போகலாம். மழைக்காலத்தில் அங்கே அருவி பெருகும். வனத்துறையார் அனுமதிக்கும் நாளில் அனுமதிக்கும் இடத்தோடு நின்று நீராடித் திரும்பலாம். சேத்தூர்ப் பக்கம் சாஸ்தா கோயில் அருவியும் அப்படியே. வெயில் ஏறுமுன் வீடு திரும்பினால், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின் குளிர்ச்சியில் புத்தகமும் தூக்கமுமாக மத்தியானத்தைக் கழிக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் மலையடிவாரத் தோப்புகளிலிருந்து வரும் சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாம்பழங்கள், மரத்தில் பழுத்த பக்குவத்தில் இலையில் விழுவது பெரிய நகரங்களின் எந்த நட்சத்திர விடுதியிலும் கிட்டாத பாக்கியம். தேங்காய் இப்பக்கத்துத் தோப்புகளிலேயே கிடைக்கிறது. நெல்லுக்கு வத்திராயிருப்புப் பகுதி இருக்கிறது. ராஜுக்கள் வீட்டுப் புளிப்பும் காரமும், விருதுநகர்ச் சீமையின் எண்ணெய்ப் பரோட்டாவும், ஸ்ரீவில்லிபுத்தூரின் பாலும் ஒரே சமையற்கட்டில் சந்திக்கக்கூடிய இடம் இது. இப்படியிருக்க, இங்கே வருகிறவருக்கு வடநாட்டுக் குழம்பையும் ரொட்டியையும் நடுநாயகமாகப் பரிமாறுவது ஊருக்குச் செய்யும் அவமதிப்பு. வயதில் மூத்த பெண்மணிகளின் கைப்பக்குவத்தை நாலு இளைஞர்கள் உடனிருந்து கற்றுக்கொண்டால், இவ்விடுதிகளின் புகழுக்கு அதுவே போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் வைகறை

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த திவ்யதேசம். பதினொரு நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கும் வடபத்ரசாயி கோபுரம், தமிழக அரசின் முத்திரையில் இருப்பது தங்கள் கோபுரமே என்று இவ்வூரார் தலைநிமிர்ந்து சொல்வதற்குக் காரணமாக நிற்கிறது. ஆண்டாளின் திருக்கரத்திலுள்ள கிளி, இலைகளாலும் பூக்களாலும் அன்றாடம் புதிதாகக் கட்டப்படுகிறது. அவள் சூடிக்களைந்த மாலை திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்கும், சித்திரைத் திருவிழாவின்போது மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் கொண்டுசெல்லப்படுகிறது. ஆடிப்பூரத்துத் தேரோட்டத்தின்போது, வீதிகளில் மனிதவெள்ளம் அலைமோதும்.

தேரோட்ட நாளில் வந்து கூட்டத்தோடு கூட்டமாகச் சேவித்துச் செல்வது ஒருவித அனுபவம். சாதாரணமான ஒரு நாளில், முதல்நாள் மாலையே வந்து தங்கி, வைகறையில் நடந்தே சென்று கோயில் நடை திறக்கும் வேளையில் நிற்பது வேறுவிதமான அனுபவம். திருமுக்குளத்தின் கரை, பெரியாழ்வாரும் ஆண்டாளும் மாலை தொடுத்த மரபை நினைவூட்டும் நந்தவனம், மடவார்வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயில், திருமலை நாயக்கர் பெயரால் வழங்கும் சிறிய அரண்மனை ஆகிய அனைத்தையும் கால்நடையாகவே கண்டுவரலாம். ஆனால் அவசரத்தில் வருகிறவருக்கு இவை எதுவும் அகப்படுவதில்லை. மாடவீதிகளை ஒட்டி நாலைந்து பழைய வீடுகள் விருந்தினருக்காகத் திறக்கப்படுமானால், இவ்வூரின் உண்மையான அழகு வெளியூராருக்கு முதன்முறையாகத் தெரியவரும்.

பால்கோவா இங்கே தின்பண்டம் மட்டுமன்று, ஒரு ஜீவனோபாயம். பசும்பாலும் சர்க்கரையும் விறகடுப்பும் இடைவிடாத கிண்டலுமே அதன் ரகசியம். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூட்டுறவுப் பால் சங்கத்திலும் தனியார் கடைகளிலும் அடுப்பருகே நின்று துடுப்பைப் பிடிப்பவர்களின் உழைப்பை ஒரு மணி நேரம் நின்று கவனித்துவிட்டு உண்கிற பால்கோவாவின் சுவை, பெட்டியில் வாங்கிச்செல்லும் பால்கோவாவின் சுவையைவிடக் கட்டாயம் ஒரு படி மேலானது.

காட்டின் எல்லை

இனி, மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருவோம். மலைக்கு அருகே விடுதி என்றதும் முதலீட்டாளரின் கண் ஊரைத் தாண்டி, செண்பகத்தோப்புப் பக்கமும் ஐயனார் கோயில் பக்கமும் உள்ள மாந்தோப்புகளை நாடுகிறது. அறையின் ஜன்னலைத் திறந்தால் யானை தெரிய வேண்டும் என்பது விளம்பரக்காரரின் ஆசை. அந்த ஆசை இப்பிரதேசத்துக்குப் பெருங்கேடு.

சாம்பல் நிற அணிலைக் காப்பதற்காக 1988-இல் இங்கே சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் 51-ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. வைகையின் நீர்ப்பிடிப்பு இந்த மலைகளில் இருக்கிறது. வைப்பாற்றைச் சேரும் ஓடைகளும் இம்மலைச்சரிவில் பிறக்கின்றன. ராஜபாளையத்தின் குடிநீரும், மதுரையின் குடிநீரில் ஒரு பகுதியும் இக்காட்டின் தயவால் வருபவை. இரவில் யானைகள் மலையிலிருந்து இறங்கித் தோப்புகளுக்கு வருவது அடிவாரத்து விவசாயிகள் அறிந்த துன்பம். அந்தத் துன்பத்தின் நடுவே மின்வேலியும் விளக்கு வெளிச்சமும் இசைக்கச்சேரியுமாக ஓர் உல்லாச விடுதி வந்து அமர்ந்தால், வழி தவறிய யானைகள் அடுத்த தோப்புக்காரரின் நிலத்தில்தான் புகும். விருந்தாளியின் உல்லாசத்துக்கு விவசாயி விலைகொடுப்பான்.

நீலகிரியில் இந்த அனுபவம் ஏற்கெனவே நேர்ந்துவிட்டது. சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகள் அகற்றப்பட வேண்டும் என்ற நிலைப்பாட்டை, நீண்ட வழக்குக்குப் பின் 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. குற்றாலத்தைச் சுற்றிய பகுதியில் இயற்கை ஓடைகளைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. கட்டிய பின் இடிப்பதும், திருப்பிய பின் நீரை விடுவிப்பதும் யாருக்கும் லாபமில்லாத காரியங்கள்.

வேறு வழி இருக்கிறது என்பதை இலங்கை காட்டியிருக்கிறது. சிகிரியாக் குன்றின் அருகிலேயே பெரிய ஹோட்டல் கட்ட இடம் காட்டப்பட்டபோது, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அந்த இடத்தை ஏற்காமல், தொலைவிலுள்ள கந்தலமை ஏரியின் கரையைத் தேர்ந்தெடுத்தார். 1994-இல் திறக்கப்பட்ட அந்த ஹோட்டலிலிருந்து பார்த்தால், ஏரிக்கு அப்பால் வெகுதூரத்தில் சிகிரியா தெரியும். பாறையை அணைத்துக் கட்டப்பட்ட அதன் சுவர்களைக் கொடிகள் மூடிவிட்டன. அதற்கும் அக்காலத்தில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் புகழ்பெற்ற ஓர் இடத்தை மதிப்பதற்கு அதைவிட்டு விலகி நிற்பதே உத்தமமான முறை என்ற பாவாவின் தீர்ப்பு இன்று உலகத்தாரால் போற்றப்படுகிறது. ராஜபாளையத்து மாடியிலிருந்து பார்க்கும் மலை, காட்டுக்குள் நின்று பார்க்கும் மலையைவிடப் பெரியது, முழுமையானது. தூரத்தின் இந்த உபகாரத்தை விடுதி கட்டுகிறவர்கள் உணர வேண்டும்.

எவ்விதம் அமைய வேண்டும்

பழைய வீட்டை விடுதியாக்குவது சொல்வதுபோல் எளிதன்று. கூட்டுக்குடும்பச் சொத்தாக இருக்கும் வீட்டுக்குப் பங்குதாரர் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில் இருப்பார்கள். விற்றுப் பங்கிட்டுக்கொள்வது சுலபமாகத் தோன்றும். அதற்குப் பதிலாக, உடைமையைக் குடும்பத்திடமே வைத்துக்கொண்டு, நெடுங்காலக் குத்தகைக்கு விட்டு, வரும் வாடகையைப் பங்கிட்டுக்கொள்வதே வீட்டையும் உறவையும் ஒருங்கே காக்கும் ஏற்பாடு.

இரண்டாவது இடையூறு கட்டடத்தைச் சேர்ந்தது. பழைய வீட்டில் குளியலறை கொல்லைப்புறத்தில் இருக்கும்; இன்றைய விருந்தாளிக்கு ஒவ்வோர் அறையோடும் அது சேர்ந்திருக்க வேண்டும். கட்டைக்குத்து மச்சின் உத்தரங்களைத் தொடாமல், சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஈரம் ஏறாமல் குழாய் வழியைக் கொண்டுசெல்வது அனுபவமுள்ள கொத்தனாரால்தான் ஆகும். அத்தகைய கொத்தனார்கள் அருகிவருகிறார்கள். சுண்ணாம்புக் காரையின்மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே தின்றுவிடும். ஆகையால் பழைய வேலை தெரிந்த மூத்தவர்களிடம் இளைஞர்களைப் பயிற்றுவிப்பது முதற்கடமை. எட்டு அறைகளுக்கு இடமுள்ள வீட்டைப் பதினாறு அறைகளாக்க முனைவது அந்த வீட்டைக் கொல்வதேயாகும்.

படுக்கை விரிப்புக்கு இவ்வட்டாரத்து நூலும் தறியும் இருக்கின்றன. காட்டு வழிகளையும் பறவைகளையும் அறிந்த அடிவாரத்து இளைஞர்கள் இருக்கிறார்கள். வனத்துறையின் அனுமதியோடு அவர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தி நியாயமான ஊதியம் தரலாம். மழைநீரைச் சேமிக்கப் பழைய வீடுகளின் முற்றமே தக்க இடம். நீச்சல் குளம் கட்டியே தீரவேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை. கோடையில் குடத்துக்குக் காத்திருக்கும் தெருவில் அது வேண்டவே வேண்டாம். துப்புரவுப் பணியாளருக்கும் சமையல்காரருக்கும் ஓட்டுநருக்கும் உட்கார்ந்து உண்ணவும் படுத்துறங்கவும் கண்ணியமான இடம் தந்த பிறகே, விருந்தாளியின் அறையில் மலர் வைப்பது அழகாகும்.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. பழைய இல்லங்களைக் கணக்கெடுத்து, அவற்றைச் சீர்செய்ய எளிய வட்டியில் கடன் தரட்டும். அனுமதிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் வழங்கட்டும். காப்பகத்தின் விளிம்பில் புதுக் கட்டடம் எழும்பாமல் கண்டிப்போடு காக்கட்டும். ஊருக்குள் ஊக்கமும் காட்டோரத்தில் கண்டிப்புமாக ஒரே கொள்கையின் இரு கைகளும் சேர்ந்து வேலைசெய்தால், இவ்விரண்டு ஊர்களும் பத்தாண்டுகளில் தென்னிந்தியாவின் தலைசிறந்த தங்குமிடங்களாகும்.

மலையடிவாரத்தில் பழைய வீடு வைத்திருக்கும் அன்பர்களே, தூணைப் பெயர்த்து விற்குமுன், ஒரு முறை காரைக்குடிக்குச் சென்று, அங்கே காப்பாற்றப்பட்ட வீடுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். இடத்தைத் தேடி அலையும் முதலீட்டாளர்களே, மாந்தோப்பின் விலையை விசாரிக்காதீர்கள். பழையபாளையத்திலும் மாடவீதிகளிலும் பூட்டிக்கிடக்கும் கதவுகளைத் தட்டுங்கள். வாசகர்களே, அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும்போது ஓர் இரவேனும் ஊருக்குள் தங்குங்கள். உங்கள் அறையின் ஜன்னலுக்கு வெளியே யானை வர வேண்டும் என்று மட்டும் எந்த விடுதிக்காரரிடமும் கேட்காதீர்கள்.